கரிசலில் போல்ட் நிக்குமா?

மாமாவுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தைந்து வருடம் கோவில்பட்டியில் அடுத்தவர் பட்டறைகளில் வேலை பார்த்தவர். இப்போது பாஞ்சாலங்குறிச்சியில் வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட் போட்டு, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பொலிரோ, டாடா ஏஸ், பழைய இண்டிகா வண்டிகளைச் சரிசெய்து கொடுக்கிறார். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துத்தான் வேலை. படுப்பது பிரச்சினை இல்லை, எழுந்திருப்பதுதான். முழங்கால் இரண்டும் போய்விட்டன.

போன ஆடி மாதம் போன் பண்ணினார். எங்கோ ஒரு சர்வீஸ் சென்டரை மூடுகிறார்களாம். அங்கே இருக்கும் இரண்டு தூண் லிப்ட் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம்.

“மருமகனே, நீ இன்ஜினியருக்குத்தான படிச்சிருக்க. இத வாங்கலாமான்னு பாத்துச் சொல்லு.”

“மாமா, நான் படிச்சது கம்ப்யூட்டர்.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

சாப்ட்வேரில் நான் தப்பு செய்தால் நடு ராத்திரியில் ஒரு சர்வர் படுத்துக்கொள்ளும். அதை எழுப்பிவிடலாம். இது ஒரு மனிதர் ஒன்றரை டன் இரும்புக்கு அடியில் நிற்கப்போகிற விஷயம். மாமாவுடன் வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் போனார். ஜாக்கி நழுவி, முட்டுக்கொடுத்திருந்த செங்கல் நொறுங்கிவிட்டது. மாமா அந்தக் கதையை முழுதாகச் சொன்னதே இல்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வண்டியைத் தூக்கினாலும் கழற்றிய சக்கரத்தை சேஸிஸுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஜாக்கி விட்டாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும். அடியில் இருப்பவருக்குக் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும்.

லிப்ட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததும் தெரிந்தது, மாமாவின் அந்தச் சக்கரம்தான் இதன் அடிப்படைத் தத்துவமும். எண்ணெய் தூக்கும், இரும்பு தாங்கும். ஹைட்ராலிக் சிலிண்டரில் எண்ணெயை அடைத்துவைத்திருப்பது ஒரு ரப்பர் சீல். அதை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. லிப்ட் மேலே ஏறும்போது ‘டக், டக்’ என்று சத்தம் கேட்கும். தூணுக்குள் படிப்படியாக இருக்கும் பூட்டு ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் அது. தேவையான உயரத்துக்கு ஏற்றியபின் கொஞ்சம் கீழே இறக்கி, முழு எடையையும் அந்தப் பூட்டின் மேல் உட்கார வைக்கணும். அதற்கப்புறம் ஹோஸ் வெடித்தாலும் வண்டி அசையாது.

பழைய லிப்ட் வாங்குபவர் பார்க்க வேண்டியவற்றை மாமாவுக்கு வாட்ஸப்பில் வாய்ஸாக அனுப்பினேன். இரண்டு தூண்களிலும் பூட்டு ஒரே மட்டத்தில் விழுகிறதா? இரண்டு பக்கத்தையும் சமமாக ஏற்றும் கம்பி வடத்தில் இழை அறுந்திருக்கிறதா? கைகளை நீட்டித் திருப்பிய இடத்தில் நிறுத்தும் பல்லு தேய்ந்திருக்கிறதா? வெல்டிங்கில் விரிசல், எடை அளவு எழுதிய தகடு, மாடல் எண். அமெரிக்காவில் ஆட்டோமோட்டிவ் லிப்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு சோதித்த லிப்ட்டுகளுக்குத் தங்கநிற முத்திரை கொடுக்கிறது, ஐரோப்பாவில் இஎன் 1493 என்ற தரம் இருக்கிறது. ஸ்டிக்கர் யாரும் ஒட்டலாம். அதனால் மாடல் எண் பட்டியலில் இருக்கிறதா என்று தேடணும்.

மாமா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “நாலு டன் லிப்ட்டு. எல்லாம் சுத்தமா இருக்கு. நம்ம வண்டி ரெண்டு டன்னத் தாண்டாது. பெறகென்ன?”

லிப்ட்டில் குறையில்லை. பிரச்சினை அதற்குக் கீழே இருந்தது.

இரண்டு தூண் லிப்ட்டில் வண்டி தூண்களுக்கு நடுவே கைகளில் தொங்குகிறது. எடை நேராகக் கீழே இறங்காமல் தூணை உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். ஒன்றரை டன் வண்டி என்றால் ஒரு தூணுக்கு முக்கால் டன். அது தூணிலிருந்து இரண்டரை அடி தள்ளி நிற்கிறது. அடித்தகடு ஒன்றரை அடி அகலம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வெளிப்பக்கத்து போல்ட்டுகள் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன் இழுவையைத் தரையிலிருந்து பிடுங்காமல் தாங்கணும். அதனால்தான் பெரும்பாலான கம்பெனிகள் குறைந்தது 4 அங்குலக் கெட்டிக் கான்கிரீட் கேட்கின்றன, பெரிய லிப்ட்டுக்கு 6 அங்குலமும் அதற்கு மேலும். புதிதாகப் போட்டால் 28 நாள் இறுகவிட்டுத்தான் துளை போடணும். மாமாவின் ஷெட்டில் இருப்பது மூணு அங்குல சிமெண்டுத் தரை. அதற்குக் கீழே கரிசல்.

கரிசலைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரையில் வெடித்துக் கிடக்கும், ஐப்பசியில் மழை விழுந்ததும் வெடிப்பெல்லாம் மூடி, செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். இந்த மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் இருக்கிறது. அதன் அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பருத்திக்கு நல்லது, கட்டடத்துக்கு ஆகாது. இங்கே பல வீட்டுச் சுவர்களில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுவது இதனால்தான்.

இதே ஊரில் 1799-லும் 1801-லும் மண்கோட்டை கம்பெனிப் பீரங்கிகளை எதிர்த்து நின்றது. இன்று நாம் பார்க்கும் கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. மண் சுவர் குண்டை உள்வாங்கிக்கொள்ளும், அந்த வேலைக்கு அதைவிடத் தோதான பொருள் கிடையாது. ஆனால் போல்ட் கேட்பது வேறு குணம். இம்மி அசையாத தரை.

மாமா இதை நம்பவில்லை. “பத்து வருசமா ஷெட்டு நிக்கிதுல்ல?” என்றார். நான் வாதாடவில்லை. ஊருக்குப் போனபோது கொத்தனாரின் டியூப் மட்டத்தை இரவல் வாங்கி, ஷெட்டின் நாலு மூலையிலும் நடுவிலும் தரையின் உயரத்தை அளந்தோம். ஆவணியில் ஒருமுறை, மழை ஓய்ந்த மார்கழியில் இன்னொருமுறை. நடுத்தரையை வைத்துப் பார்த்தால், கூரைத் தண்ணீர் விழுகிற மேற்கு ஓரம் நாலு நூல் உயர்ந்திருந்தது. அரை அங்குலம்.

மாமா டியூப்பைக் கீழே வைத்துவிட்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். “தூண் அந்தப் பக்கம்ல வரும்” என்றார்.

வழி இல்லாமல் இல்லை. கரிசலில் கட்டுவதற்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் வைத்த பைல் அஸ்திவாரத்தை வளர்த்தெடுத்தது. ஈரம் கூடிக் குறையாத ஆழத்தில் அந்தக் குமிழ் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். ஐஐடி பம்பாயில் ஆர்.கே. கட்டி, ஊதும் மண்ணின் மேல் ஊதாத, ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஏறக்குறைய ஒரு மீட்டர் போட்டு இறுக்கினால் உப்பல் அடங்குவதைக் காட்டினார். இரண்டும் செய்யலாம். ஆனால் ஷெட் முழுக்கத் தோண்டிக் கம்பி கட்டித் தரை போடக் கொத்தனார் சொன்ன தொகை லிப்ட்டின் விலையைத் தாண்டியது. அதோடு கூரை பத்தடிதான். பொலிரோவே ஆறடிக்குக் கொஞ்சம் மேல். மீதி நாலடிகூட இல்லை. இவ்வளவு செலவழித்தும் அதற்கடியில் மாமாவால் நிற்க முடியாது.

நாலு தூண் லிப்ட் யோசித்தோம். எடை நேராக இறங்கும், போல்ட்டை நம்பி நிற்காது. ஆனால் வண்டி சக்கரத்தில் நிற்பதால் பிரேக் வேலைக்குத் தனி ஜாக்கி வேணும், இடமும் பத்தாது. மிச்சமிருந்தது மூணு, மூணரை அடி தூக்கும் கத்தரி லிப்ட். அதிலும் எடை நேராகத்தான் இறங்குகிறது. ஆனால் நடுவில் அதன் கால்கள் மறைப்பதால் கியர்பாக்ஸ் இறக்குவது சிரமம்.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. காரணம் கியர்பாக்ஸ் இல்லை. “முப்பத்தஞ்சு வருசம் படுத்தே பாத்தாச்சு. ஒரு நாளாவது நின்னு வேல பாக்கணும்னு நெனச்சேன்” என்றார். அதற்கு என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. அத்தைதான் சொன்னாள்: “ஒக்காந்து பாருங்க. நின்னா என்ன, ஒக்காந்தா என்ன. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாப் போதும்.”

தை பிறந்ததும் ஷெட்டின் நடுவில் மட்டும் மூணு அடி ஆழம் கரிசலை அள்ளி வெளியே கொட்டினோம். களி கலந்த செம்மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடித்து, மேலே ஆறு அங்குலக் கான்கிரீட். பழைய தரையோடு ஒட்டாமல் சுற்றிலும் இடைவெளி விட்டோம், அது ஏறி இறங்கினாலும் இதை இழுக்காமல் இருக்க. 28 நாள் கழித்துப் புதுக் கத்தரி லிப்ட்டை இறக்கினோம். இப்போது மாமா சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிறார். பூட்டு விழுந்து எடை அதன்மேல் உட்கார்ந்த பிறகுதான் எடுபிடிப் பையனை உள்ளே கை நீட்ட விடுகிறார். இன்ஜினை இறக்கினால் முன்பக்கம் லேசாகி வண்டி பின்னால் சாயும் என்பதால், அதற்கு முன்பே பின்பக்கத்துக்கு முட்டு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாகச் செய்த வேலைதான் ஆகக் குறைந்த செலவு. மேற்குக் கூரையில் தகரத் தாழ்வாரம் கட்டி, மழைத்தண்ணீரைக் குழாயில் பிடித்து, இருபதடி தள்ளி வேப்பமரத்துக்குத் திருப்பிவிட்டோம். வரும் மார்கழியில் டியூப் மட்டத்தை மறுபடி பிடிக்கணும். கொத்தனாரிடம் மாமா இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.