ஏழு எச்சமும் ஒரு முற்றும்

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த வாத்தியார், கரும்பலகையில் இரண்டு வாக்கியம் எழுதிப் போட்டு, சேர்த்து எழுதச் சொல்வார். 'ஹீ இஸ் புவர். ஹீ இஸ் ஹானஸ்ட்.' அவன் ஏழை. அவன் நேர்மையானவன். நடுவில் 'பட்' போட்டால் ஒரு மார்க். 'அண்ட்' போட்டால் சுழி. நான் 'அண்ட்' போட்டேன். எதிர்ப்புணர்வு எல்லாம் ஒன்றும் கிடையாது. எங்க அப்பா ஏழை. எங்க அப்பா பொய் சொல்லாது. இதுல 'ஆனா' எங்க வருதுன்னு எனக்கு வெளங்கல, அவ்வளவுதான். வாத்தியார் வகுப்பு பூராவும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இதுங்களுக்குத் தமிழே தகராறு, இங்கிலீஷ் எங்கேருந்து வரும்?"

அதே வாத்தியார் ஆண்டு விழாவில், எங்கள் தெருப் பெண்ணொருத்தி பரிசு வாங்கியபோது மேடையிலேயே பாராட்டினார்: "காலனிப் பொண்ணுதான், ஆனா நல்லாப் படிக்கும்." எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்குத்தான் எனக்கு 'பட்' புரிந்தது. சேரக்கூடாதது சேர்ந்துவிட்டது என்று சொல்பவன் நினைத்தால் அந்த இடத்தில் 'ஆனா' வரும். குண்டுமணி அளவு சொல். அதுக்குள்ள ஊரே சம்மணம் போட்டு உக்காந்திருக்குது.

பிறகு நான் தமிழ் எம்.ஏ. படித்தேன். தொல்காப்பியம் வினையியலைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினேன். அது எதற்கு உதவும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் காலனி சமுதாயக்கூடத்தில் இரவுப் பள்ளி நடத்துகிறோம். இங்கிலீஷ் எடுக்க ஆள் இல்லாமல் அது என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் எழுதுவார்கள்: 'ஐ கோயிங் லேக் அண்ட் பாத்திங் அண்ட் கம் ஹவுஸ்.' முதலில் நானும் அந்த வாத்தியார் மாதிரியே சிவப்பு மையால் அடித்தேன். ஒருநாள் நின்று பார்த்தேன். பிள்ளை தப்பு செய்யவில்லை, தமிழில் நினைக்கிறது. 'ஏரிக்குப் போயி, குளிச்சி, ஊட்டுக்கு வந்தேன்.' தமிழில் போயி, குளிச்சி என்பவற்றுக்கு ஆளும் கிடையாது, காலமும் கிடையாது. எல்லாம் கடைசியில் நிற்கும் 'வந்தேன்' என்ற ஒரே முற்றின் தோளில் சாய்ந்திருக்கின்றன. 'ஏன்' என்ற விகுதி ஒருமுறை வந்தால் போதும், மூன்றையும் செய்தது நான்தான் என்று தெரிந்துவிடும். இங்கிலீஷில் அப்படிச் சாய முடியாது. 'ஐ வென்ட் டு த லேக், பாத்ட் அண்ட் கேம் ஹோம்.' ஆளை ஒருமுறை சொன்னால் போதும். ஆனால் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும். 'அண்ட்' இருபக்கமும் சமமானவற்றைத்தான் சேர்க்கும். ஒருபக்கம் முற்றும் மறுபக்கம் எச்சமும் என்றால் ஒத்துக்கொள்ளாது. நம்முடைய 'உம்' அந்த வேலையைச் செய்வதில்லை. 'அண்ணனும் தம்பியும்' என்று பெயர்களைச் சேர்க்கும். 'வந்தான்', 'அடித்தான்' என்கிற முற்றுகளின் பின்னால் போய் ஒட்டாது.

அதனால் பாடத்தை ஏவலில் தொடங்கினேன். 1942 ஜூலையில் நாக்பூர் மாநாட்டில் பாபாசாகேப் கொடுத்த மூன்று வினைகள்: எஜுகேட், அஜிடேட், ஆர்கனைஸ். ஏவலில் காலம் காட்ட வேண்டாம், ஆள் சொல்ல வேண்டாம். முதல் இரண்டுக்கும் நடுவில் கமா, கடைசிக்கு முன்னால் 'அண்ட்'. அது கைக்கு வந்தபிறகு 'யாரு? எப்போ?' என்று கேட்டு விரித்துக்கொண்டு போனோம். பிள்ளைகள் ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள். நான்தான் பிடித்துக்கொள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

எங்கள் அத்தை ஒருத்தி, முந்திரிக்கொட்டை பொறுக்கின கூலி பாக்கியைக் கேட்கப் போனது. கையெலும்பு முறிந்து வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னது: "டீக்கடையாண்ட நின்னுனு இருந்தானுவ கண்ணு. கூலி கேட்டேன். கிட்ட வந்து, சாதி பேரச் சொல்லி வைஞ்சி, முடியப் புடிச்சி இழுத்து, மம்புட்டிக் காம்பால அடிச்சி தொரத்தி உட்டானுவ."

ஸ்டேஷனில் எழுதியவர் அதை இப்படி ஆக்கினார்: 'கூலி சம்பந்தமாக வாய்த்தகராறு ஏற்பட்டு, கைகலப்பாகி, மேற்படியாருக்குக் காயம் ஏற்பட்டது.' எச்சமெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. கடைசி முற்றைப் பாருங்கள். அத்தையின் 'உட்டானுவ' போய் 'ஏற்பட்டது' வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழில் எச்சங்களுக்கெல்லாம் ஆளைக் கொடுப்பது கடைசி முற்றுதான். அதை மாற்றிவிட்டால் வந்தவனும் இல்லை, வைதவனும் இல்லை, அடித்தவனும் இல்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் ஐந்தாம் விதி, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின் சொன்னவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது. அத்தைக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. முறியாத கையில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். வன்கொடுமைச் சட்டம் போடவில்லை.

தில்லி ஆணையத்துக்கு இங்கிலீஷில் மனு எழுது என்றார்கள் தோழர்கள். எழுதினேன். அந்த வாத்தியார் பார்த்தால் வாயடைத்துப் போகவேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு வெறி. இலக்கணம் கொஞ்சமும் பிசகாமல் ஒரு வாக்கியம்: 'ஷீ வாஸ் அப்யூஸ்ட், பீட்டன் அண்ட் சேஸ்ட் அவே.' ஒரே 'வாஸ்' மூன்று வினையையும் தாங்குகிறது. என் இங்கிலீஷைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

மனு போனபிறகு நகலைப் படித்த வக்கீல் தோழர் கேட்டார்: "யார் அடிச்சது? இதுல ஆளே இல்லியே. சாதி பேரச் சொன்னது எங்க?"

அத்தை சொன்னதைத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். வந்து, சொல்லி, வைஞ்சி, புடிச்சி, இழுத்து, அடிச்சி, தொரத்தி. ஏழு எச்சம், ஒரு முற்று. ஏழில் நான்கை நான் விழுங்கியிருந்தேன். அதில் ஒன்று 'சொல்லி'. அத்தை சட்டம் படித்ததில்லை. ஆனால் சட்டத்துக்கு வேண்டிய வினையைச் சரியான இடத்தில் வைத்துத்தான் சொல்லியது. பலர் பார்வைபடும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி வைவது 3(1)(எஸ்) பிரிவில் தனிக் குற்றம். டீக்கடை வாசலைவிடப் பலர் பார்வைபடும் இடம் எது? ஸ்டேஷன்காரர் செய்ததையே நான் இங்கிலீஷில் செய்திருந்தேன். அவர் தெரிந்து செய்தார். நான் நல்ல இங்கிலீஷ் எழுதுகிறேன் என்று செய்தேன். அத்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வக்கீல் தோழர் அன்றிரவு சட்டத்தின் இங்கிலீஷை எனக்கு ஒவ்வொரு சொல்லாகக் காட்டினார். 3(1)(ஆர்) பிரிவில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது 'ஆர்' மிரட்டுவது என்று இருக்கிறது. அந்த இடத்தில் 'அண்ட்' இருந்திருந்தால் இரண்டையும் நிரூபித்தாக வேண்டும். 'ஆர்' என்பதால் ஒன்று போதும். 3(2)(வி) பிரிவில் இன்னொரு இணைப்பு. பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களைப் பற்றியது அது. 1989 சட்டத்தில் 'ஆன் த கிரவுண்ட் தட்' என்று இருந்தது: பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தினால் செய்திருக்க வேண்டும். காரணம் சாதி இல்லை, முன்விரோதம், நிலத்தகராறு, கூலித்தகராறு என்று சொல்லித் தப்ப அந்தத் தொடர் வழிவிட்டது. 2015 திருத்தத்தில் அது 'நோயிங் தட்' ஆனது; 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. இன்ன சாதி என்று தெரிந்து செய்திருந்தால் போதும். பழைய வாசகத்திலும்கூட சாதி ஒன்று மட்டுமே காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை என்று, பார்வையற்ற தலித் பெண் ஒருவரின் வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அத்தையின் வழக்கு இந்தப் பிரிவுக்குள் வராது. ஆனால் வினையோடு வினையைச் சேர்க்கிற ஒரு சொல்லுக்காக நம் சனங்கள் கால் நூற்றாண்டுக்குமேல் காத்திருந்ததை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கூலி கேட்டதால் அடித்தான், சாதியால் அல்ல என்கிறார்கள் எதிர்த்தரப்பார். அத்தையிடம் சொன்னேன். "ஊர்த்தெருப் பொம்பளயும் அன்னிக்கிதான் கூலி கேட்டுது. நாளைக்கி வா ஆயான்னான். எனக்கு மட்டும் மம்புட்டியா?" என்றது. எந்தப் 'பிகாஸ்' போடுவது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

இரண்டாவது மனு எழுதினேன். வந்தார்கள். சாதிப் பெயரைச் சொன்னார்கள். வைதார்கள். முடியைப் பிடித்தார்கள். இழுத்தார்கள். அடித்தார்கள். துரத்தினார்கள். ஒவ்வொரு வினைக்கும் ஆளை எழுதினேன். ஏழு தடவையும் 'தே'. படிக்க நன்றாக இருக்காது. அத்தைக்குத் தமிழில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன், "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டது. வன்கொடுமைப் பிரிவுகள் பிறகு சேர்ந்தன. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் என் முதல் மனு இருக்கிறது. அதில் இல்லாத சாதிப் பெயர் இதில் எப்படி வந்தது, யோசித்துச் சேர்த்ததுதானே என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை அவருக்கு எடுத்துக் கொடுத்தது நான்.

மனு எழுதுகிற தோழர்களுக்கும், படித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். நம் சனங்கள் சொல்வதைச் சுருக்காதீர்கள். எச்சங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் முற்றாக்கி, யார் செய்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்டுங்கள். மொழிநடை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் இரவுப் பள்ளியில் அதே பழைய வாக்கியத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை 'அண்ட்' போட்டது. ஏன் என்று கேட்டேன். "எங்க ஆயா அப்பிடித்தான் டீச்சர்" என்றது. முழு மார்க் போட்டேன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அத்தைக்கு அந்தக் கூலி இன்னும் வரவில்லை.