வால் பக்கத்து யந்திரம்

எங்கள் ராசிங்காபுரத்திலிருந்து போடி வழியாக ஏலக்காய் மலைக்குக் காரில் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். முந்தலைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும், ஆள் நிறைந்த பழைய காராக இருந்தால், டிரைவர் ஏ.ஸி.யை நிறுத்திவிடுவார். "வண்டி ஏறட்டும் சார், மேலே போனால் குளிர்தானே!" என்பார்.

என் அக்காள் மகன் ராணுவத்தில் இருக்கிறான். லேயிலிருந்து லீவில் வந்தவன் கேட்டான்: "மாமா, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விமானம் ஓடிக் கிளம்புகிறவரை வாலுக்குள் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது. மேலே போனதும் நின்றுவிட்டது. அது என்ன?"

அதுவும் நம் டிரைவரின் கணக்குதான்.

பெரும்பாலான ஜெட் விமானங்களில் நாம் சுவாசிக்கிற காற்று எஞ்சினிலிருந்தே வருகிறது. எஞ்சின் அழுத்திய காற்றில் ஒரு பங்கைப் பிரித்து, குளிர வைத்து, உள்ளே அனுப்புகிறார்கள். எடுத்த அளவுக்கு எஞ்சினின் உந்துசக்தி குறையும். நீண்ட ஓடுபாதையில் இந்தக் குறை தெரியாது. லே விமான நிலையமோ 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றே லேசு; வெயில் ஏறினால் இன்னும் லேசு. இறக்கைக்கும் பிடிப்புக் குறைவு, எஞ்சினுக்கும் பலம் குறைவு. 2024 ஜூலைக் கடைசியில் உஷ்ணம் மிகுந்து அங்கே விமானங்களை ரத்தே செய்தார்கள்.

நிறுத்த முடியாத வேகம் வந்தபின் ஓர் எஞ்சின் நின்றுபோனாலும், மற்றதைக் கொண்டே எழும்பி மலைகளைத் தப்பியாக வேண்டும். அதற்குப் பலம் போதாவிட்டால் மூட்டைகளையோ ஆட்களையோ இறக்க வேண்டியதுதான். லீவு நாட்களை எண்ணிக்கொண்டு நிற்கும் சிப்பாயிடம், இன்று இடமில்லை என்று யார் சொல்வது?

அப்போது கைகொடுப்பது வாலில் உள்ள சின்ன டர்பைன், ஏ.பி.யு. என்பார்கள். 1964-ல் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 727-லேயே அது உண்டு. தரையில் மின்சாரமும் காற்றும் கொடுத்து, பெரிய எஞ்சின்களைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. வழக்கமாக அத்துடன் அணைத்துவிடுவார்கள். ஆனால் ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவற்றில், பலம் பற்றாத இடத்தில் அதை ஓடவிட்டு, பிரயாணிகளுக்கான காற்றை அதனிடம் வாங்கிக்கொள்வது உண்டு. பெரிய எஞ்சின்களின் காற்று முழுவதும் கிளம்புவதற்கே மிஞ்சும். உயரம் வந்ததும் பழையபடி மாற்றிவிட்டு, சின்னதை அணைத்துவிடுவார்கள்.

காற்றையே சிறிது நேரம் நிறுத்திவிட்டும் கிளம்பலாம். புழுக்கமும் காது அடைப்பும் நம் பாடு.

கல்யாண வீட்டில் எல்லோர் கண்ணும் பந்தலில் இருக்கும். பின்கட்டில் ஒரு சித்தி அடுப்பையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வதால்தான் பந்தலில் இருப்பவர்கள் பந்தலிலேயே இருக்க முடிகிறது. தாலி கட்டி முடிந்ததும் அவளை யாரும் தேடுவதில்லை. அவளும் எதிர்பார்ப்பதில்லை.