மூலம் டேட்டாபேஸில் இருக்கட்டும்

"எல்லா ஆவணங்களையும் எலாஸ்டிக்சர்ச்சிலேயே போட்டுவிடலாமே, டேட்டாபேஸ் எதற்கு?" என்று இளம் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாகிவிடுகிறது.

எலாஸ்டிக்சர்ச் அருமையான தேடல் கருவி, சந்தேகமே இல்லை. அதன் அடியில் இயங்கும் லூசீன், எந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்று புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போலக் குறித்து வைக்கிறது. அதன் தேடல் வேகம் அதனால்தான். ஆனால் இரண்டு ஆவணங்களைச் சேர்த்துத் திருத்தும்போது பாதியில் கோளாறு வந்தால், இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் உத்தரவாதம் அதில் கிடையாது. ஏற்கெனவே உள்ள ஒரு புலத்தின் வகையை மாற்ற வேண்டுமா? பெரும்பாலும் மொத்தத்தையும் மறுபடி இண்டெக்ஸ் செய்ய வேண்டும். பணம், ஒப்பந்தம், நோயாளியின் பதிவு என்றால் இந்த ஆபத்தை ஏற்கவே கூடாது.

போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் இந்தப் பொறுப்பைத் தாங்கும். போஸ்ட்கிரெஸில் 2014-இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து ஜேசான்பி வகையில் ஆவணங்களை வைத்து, இண்டெக்ஸ் போட்டுத் தேடலாம். 2019-இல் வந்த 12ஆம் பதிப்பில் தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் களைந்து தேடும் வசதியும் சேர்ந்தது. நம்மவர்கள் இதை அதிகம் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் போஸ்ட்கிரெஸிலேயே தேடிப் பாருங்கள். திணறினால் மட்டும் எலாஸ்டிக்சர்ச்சைப் பக்கத்தில் சேருங்கள். அது அழிந்தாலும் டேட்டாபேஸிலிருந்து மறுபடி கட்டிக்கொள்ளும்படி வைத்துக்கொள்ளுங்கள்.