சர்வீஸ் புத்தகம் இல்லாத கார்

2010 மாடல் வேகன் ஆர். மீட்டரில் 38,000 கிலோமீட்டர். சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை. விற்பவர், போன வருடம் காலமான என் அலுவலக நண்பரின் மனைவி.

"மீட்டரை நம்பாதீங்க சார்" என்ற மெக்கானிக், பெடல் ரப்பரைப் பார்த்தார், வரி அழியவில்லை. டயர் ஓரத்தில் 1410 என்ற எண். 2010-இன் 14-ஆவது வாரத் தயாரிப்பு. வண்டியோடு வந்த டயரேதான்.

"அதிகம் ஓடாத வண்டிதான் சார். ஆனா நின்னே கெட்டிருக்கு. டயர், பேட்டரி, ஹோஸ் எல்லாம் மாத்தணும். 40,000 குறைச்சுக் கேளுங்க."

2025-இல் 15 வருடம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்கும் செலவு வேறு.

கேட்க வாய் வரவில்லை. பட்டியலை எழுதி அப்படியே நீட்டினேன். படித்துவிட்டு, "பாதியை நான் ஏத்துக்கறேண்ணா" என்றார்.

வாங்கிவிட்டேன். நண்பர் ஒட்டிய பிள்ளையார் டாஷ்போர்டிலேயே இருக்கிறார்.