ஒரு நூல் அளவு

ஊரில் இரட்டை மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு நாங்கள் சொல்லப்போகும் செய்தி புதியதன்று. எத்துணை வலிய காளைகளைப் பூட்டினாலும், நுகத்தடி கோணலாக இருக்குமானால் வண்டி நேரே செல்லாது. காளைகள் ஒன்றையொன்று இழுத்துக் களைக்கும். வசவு மட்டும் வண்டிக்காரனுக்கு வந்து சேரும். மும்பைத் துறைமுகத்தில் விரைவுப் படகுகளைப் பழுது பார்க்கும் எங்களுக்கு அந்த வண்டியின் நினைவு அடிக்கடி வருவதுண்டு. சங்கத்துக் கூட்டங்களில் சந்திக்கும் அன்பர்கள், "எஞ்சின் வேலை என்கிறீர்கள், அதில் நூல் பிடித்து அளப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நிரம்ப இருக்கிறது.

இவ்வகைப் படகில் எஞ்சின் உட்புறம், பின்பலகையை ஒட்டி அமர்ந்திருக்கும். அதன் சுழற்சி பின்பலகையின் வழியே வெளியேறி, நீருக்குள் இறங்கிய கால் போன்ற ஓர் உறுப்பை அடைந்து புரொப்பெல்லரைச் சுழற்றும். அந்தக் காலைத்தான் ‘டிரைவ்’ என்கிறோம். 1959-இல் வால்வோ பென்டா நிறுவனம் இவ்வமைப்பை நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைத்தது. இரண்டாண்டுகளில் அமெரிக்காவின் மெர்க்குரூசரும் வந்து சேர்ந்தது. இதற்குத் தனியே சுக்கான் கிடையாது. டிரைவே இடமும் வலமும் திரும்பிப் படகைத் திருப்பும். மேலும் கீழும் சாய்ந்து, அணியத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யும். இந்தச் சாய்வுக்கு ‘டிரிம்’ என்று பெயர். மிகுந்த வேகம் வேண்டிய படகுகளில் இத்தகைய கால்கள் இரண்டு. ஒன்றின் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகவும் மற்றொன்றினுடையது இடஞ்சுழியாகவும் சுழன்று, ஒன்றன் பக்க இழுப்பை மற்றொன்று ஈடு செய்யும். இரண்டையும் ஒரு குறுக்குத் தண்டு பிணைத்திருக்கும். பட்டறையில் அதனை ‘டை பார்’ என்பார்கள். நுகத்தடி என்றாலும் பொருந்தும்.

மழைக்காலத்தில் இத்துறைமுகத்துச் சிறு படகுகளிற் பல கரையேறிவிடும். கடல் அடங்கியதும் மீண்டும் இறங்கும். அவ்வாறு இறங்கிய ஒரு 32 அடிப் படகைப் பற்றித்தான் சொல்ல வந்தோம். கேட்வே துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு வார இறுதிகளில் சென்று வரும் ஒரு சேட்டின் சொந்தப் படகு அது. மழைக்காலத்தில் வேறொரு பட்டறையில் எஞ்சின்களைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். இறங்கிய நாள் முதலாக அது வலப்புறம் சாய்ந்தே ஓடியது. வேகம் ஏற ஏற அணியம் இங்குமங்கும் அலைந்தது. முன்பு போன வேகத்தை எட்டவில்லை. எண்ணெய் மட்டும் கூடுதலாகக் குடித்தது.

படகை ஓட்டுபவர் கொங்கணக் கரையைச் சேர்ந்த முதியவர். நாங்கள் அவரைக் காகா என்போம். அவர் எங்களை, மும்பை வழக்கப்படி, அண்ணா என்பார். சேட்டின் முடிவு எளிதாக இருந்தது: "கிழவருக்குக் கை நடுங்குகிறது, தீபாவளிக்குப் பிறகு வேறு ஆள் பார்க்கிறேன்." காகாவின் கை நடுங்கவில்லை என்பது அவரோடு ஒருமுறை கடலில் போனவர்க்கெல்லாம் தெரியும். ஆனால் சேட்டிடம் அதைச் சொல்லி என்ன பயன்? அளவுகோலால் அன்றி அவர் நம்பமாட்டார். கிரேன் கூலிக்கு முகஞ்சுளித்தவரை ஒருவாறு இணங்கவைத்துப் படகை மறுபடியும் கரையேற்றினோம்.

முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வோர் எஞ்சினும் தன் டிரைவோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்பது. டிரைவைக் கழற்றிவிட்டு, அதற்கென்றே கடைந்த ஒரு நீண்ட எஃகுக் கம்பியைப் பின்பலகையிலுள்ள பேரிங்கின் ஊடே செலுத்தி, எஞ்சினின் கப்ளர் பற்களுக்குள் நுழைக்க வேண்டும். இரு விரல்களால் தள்ளினாலே அது சறுக்கிக்கொண்டு போக வேண்டும். சுத்தியலால் தட்டி நுழைப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். அவர்கள் பேரிங்குக்குப் பகைவர்கள். கம்பி நுனியில் கிரீஸ் தடவி நுழைத்து, வெளியே எடுத்துச் சுவட்டைப் பார்த்தால் பற்களின் தடம் சுற்றிலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். இடது எஞ்சினில் அப்படியே தெரிந்தது. வலது எஞ்சினில் தடம் ஒரு பக்கத்தில் மட்டும் ஆழமாக விழுந்திருந்தது. எஞ்சினின் முன்தாங்கியைச் சிறிது உயர்த்தி, நான்கைந்து முறை பார்த்த பிறகே அது சரியாயிற்று. இதைச் சிறு குறையாக எண்ணலாகாது. கோணலாகச் சுழலும் தண்டு முதலில் பேரிங்கைத் தின்னும். கெட்ட பேரிங்கின் சூடும் அதிர்வும் அதனைப் போர்த்தியிருக்கும் ரப்பர்த் துருத்தியைச் சும்மா விடுவதில்லை. துருத்தி கிழிந்தால் கடல் நீர் உள்ளே வரும். கட்டிப்போட்ட இடத்திலேயே இரவோடு இரவாகப் படகு மூழ்குவது இவ்வாறும் நேர்வதுண்டு.

அடுத்தது நுகத்தடி. இரு டிரைவ்களையும் நேராக நிறுத்தி, புரொப்பெல்லர்களைக் கழற்றி, இரு தண்டுகளின் மையங்களுக்கும் இடையே உள்ள தொலைவைப் பின்னால் அளந்தோம். பிறகு டிரைவ்களின் மூக்கு முனைகளுக்கு இடையே முன்னால் அளந்தோம். அடியில் துடுப்புப் போல நீண்டிருக்கும் தகட்டிலிருந்து அளப்பது கூடாது. பாறையிலும் மணலிலும் இடித்து அது என்றோ வளைந்திருக்கும். முன் அளவு பின் அளவைவிட நான்கு நூல் அகன்றிருந்தது. தச்சரும் கொத்தனாரும் சொல்லும் நூல்தான், அரைக்கால் அங்குலம். இங்கே மராட்டிய மேஸ்திரிகளும் அதையே ‘சூத்’ என்கிறார்கள். ஆக, இடது டிரைவ் படகை இடப்பக்கமும், வலது டிரைவ் வலப்பக்கமும் தள்ளப் பார்த்திருக்கின்றன. எஞ்சின்களின் வலிமையில் ஒரு பங்கு, படகை ஓட்டாமல் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றிருக்கிறது.

டை பாரின் முனைமரையைத் திருகி முன்னும் பின்னும் சமமாக்கினோம். சில படகுகளுக்கு முன்முனை ஒரு நூல் நெருங்கியிருப்பது நலம் என்று வைப்பார்கள். ஓட்டத்தின் பாரத்தில் மூட்டுகளின் தளர்ச்சி இறுகும்போது அது நேராகிவிடும் என்பது கணக்கு. ஆனால் இது எல்லாப் படகுக்கும் ஒரே விதியன்று. தயாரித்தவர்களின் கையேட்டைப் பார்க்காமல் ‘அந்தப் படகுக்கு வைத்தேனே’ என்று வைப்பவர்களோடு எங்களுக்கு ஓயாத வழக்கு.

வலப்புறச் சாய்வுக்குக் காரணம் வேறு. ஓட்டுநர் முன்னாலுள்ள இரு டிரிம் முட்களும் ஒரே எண்ணைக் காட்டின. டிரைவின் மேல் தகட்டில் மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் வலது டிரைவ் மூன்று பாகை கூடுதலாக உயர்ந்து நின்றது! தாழ்ந்திருக்கும் டிரைவ் தன் பக்கத்துப் பின்புறத்தை மேலே தூக்கும். படகு மறுபக்கம் சாயும். முள்ளை நம்பி ஓட்டிய காகா, சாய்வைத் திருத்த வீலோடு போராடியிருக்கிறார். அந்தப் போராட்டத்தையே சேட் நடுக்கம் என்று கண்டார். முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உறுப்பைத் திருப்பிப் பொருத்த அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

பிறகு கடற்சோதனை. 2024 டிசம்பர் 18 அன்று, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகொன்று கட்டுப்பாடிழந்து, எலிஃபெண்டாவுக்குச் சென்ற ‘நீல்கமல்’ பயணிப் படகின் மீது இதே துறைமுகத்தில் மோதியது. 13 பேருக்கு மேல் மாண்டனர். அந்த மாலையை இந்தக் கடலில் பிழைப்பவர்கள் மறக்கமாட்டார்கள். அதற்குப் பின் நாங்கள் பயணிப் படகுகளின் தடத்தை விட்டு விலகி, விடியற்காலையில் மட்டுமே சோதனைக்குப் போகிறோம். எஞ்சினை அணைக்கும் கயிறு ஓட்டுபவர் உடலில் மாட்டியிருந்தாலன்றி வேகம் கூட்டுவதில்லை.

அன்றும் அப்படியே சென்றோம். இரு எஞ்சின்களின் சுழற்சியும் சற்றே வேறுபட்டிருந்தால் ‘வூம், வூம்’ என்று ஓர் அலையோசை எழும். சுருதி சேராத இரு தம்புராத் தந்திகளைப் போல. காகா இரு நெம்புகோல்களையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்த, அலை நீண்டு நீண்டு அடங்கிற்று. படகு மட்டமாக எழுந்து ஓடியது. அவர் இரண்டே விரல்களால் வீலைப் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற சேட் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்வரை அவர் எதுவும் பேசவில்லை. தீபாவளிக்குப் பிறகும் வேறு ஆள் வரவில்லை.

கரைக்கு வந்ததும் காகா கேட்டது ஒன்றே: "அண்ணா, அந்த நட்டு அசைந்தால் எனக்கு எப்படித் தெரியும்?" டை பாரின் நட்டையும் தண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைச் சாயக் கோடு போட்டுக் கொடுத்தோம். கோடு முறிந்து தெரிந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று பொருள். படகை எடுக்குமுன் ஒவ்வொரு முறையும் அவர் டிரைவ்களை மேலே தூக்கி, அமரத்தில் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினை முடுக்குகிறார்.