எட்டு வீட்டுக்கு ஒரு கூரை

டெனமென்ட் என்ற சொல்லுக்கு ஒட்டுக்குடித்தனம் என்றே பொருள் கொண்டிருந்தேன். கிளாஸ்கோ நகரில் என் தங்கை வாங்கிய வீட்டின்முன் நின்றபோதுதான் என் பிழை தெரிந்தது. நான்கு தளங்கள், தளத்துக்கு இரண்டு வீடுகள், தெருவை நோக்கிப் புடைத்து நிற்கும் சாளரங்கள், சிவந்த மணற்கல் சுவர். ஒற்றை அறையில் நெருக்கியடித்து வாழ்ந்த தொழிலாளியும், பல அறைகளோடு வாழ்ந்த வணிகரும் அந்நகரில் இந்த ஒரே வடிவத்துக்குள்தான் குடியிருந்திருக்கிறார்கள்.

கல்லைப் பற்றிச் சற்று சொல்ல வேண்டும். கிஃப்னாக் போன்ற அண்மைச் சுரங்கங்களின் வெளிர்மஞ்சள் கல்லால்தான் நகரம் முதலில் எழுந்தது. அது அருகிவர, 1890களில் தெற்கே லோகார்பிரிக்ஸிலிருந்து சிவப்புக்கல் ரயிலேறி வந்தது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது பாலைவன மணல்மேடு. மழை ஓயாத ஊரில் பாலைத்திணையை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை; அவளுடைய கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

மணல் படிந்த அடுக்கு கிடையாக அமையும்படி கல்லை வைக்க வேண்டும். செங்குத்தாக வைத்தால் ஏடு ஏடாக உரிந்துவிடும். கற்களுக்கிடையே சுண்ணாம்புச் சாந்து. உள்ளே போன ஈரம் அதன் வழியே வெளியேறும். இருபதாம் நூற்றாண்டில் பழுதுபார்த்தவர்கள் சிமென்ட் பூசி அந்த வழியை அடைத்தார்கள். சிமென்ட் நிற்கிறது, கல் கரைகிறது. அத்தகைய ஓரிடத்தில் விரல் வைத்தேன்; சிவப்பு மணல் உதிர்ந்தது.

உள்ளே பொது நடை. அதை 'குளோஸ்' என்கிறார்கள். ஓடு பதித்த சுவர், நடுவே தேய்ந்த கற்படிகள், உச்சியில் கண்ணாடிக் கூரை வழி இறங்கும் வெளிச்சம். முன்பெல்லாம் படி கழுவும் முறை யாருடையதோ அவர் கதவில் ஓர் அட்டை தொங்குமாம்.

கூரைச் செலவுக்கான தாளில் ஏழு கையொப்பங்கள் இருந்தன. தரைத்தளத்து மூதாட்டி மட்டும் இடவில்லை. மழை தன் வீட்டுக்குள் வரவில்லை என்றார். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், பெரும்பான்மையோர் முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும்.

"அஞ்சு பேர் போதும் அண்ணா. ஆனா தினமும் அவங்க கதவைத் தாண்டித்தானே நான் மேல ஏறணும்?" என்றாள் தங்கை.

நான் புறப்படுவதற்கு முந்தைய மாலை அவரே மூச்சிரைக்க மேலே வந்தார். கூரைக்குக் கீழிருந்த வாளியைப் பார்த்தார். பிறகு சமையலறைச் சுவரில் உள்வாங்கிய மாடத்தைப் பார்த்தார். பழைய நாளில் கட்டில் போடுவதற்கென்றே விட்ட இடம், இப்போது தங்கையின் உணவுமேசை கிடக்கிறது. சிறுவயதில் இப்படியொரு மாடத்தில்தான் தாயோடும் தங்கைகளோடும் படுத்திருந்ததாகச் சொல்லி அங்கேயே அமர்ந்தார். தேநீர் குடித்தார். கையொப்பம் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் பெட்டியோடு இறங்கினேன். தாள் நடையில் ஒட்டியபடியே இருந்தது, ஏழு பெயர்களோடு.