புது வண்டியின் முதல் ஐந்து மாதங்கள்

வாலிபப் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இக்காலத்தில் தவறாமல் எழுகின்ற வழக்கு ஒன்றுண்டு. பந்தய வண்டியின் சாயலில் அமைந்த மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிள்ளை கேட்கிறான். தாய் கண் கலங்குகிறாள். தந்தையோ 'கூடவே கூடாது' என்று பேச்சை முடித்துவிடுகிறார். அல்லது தவணையில் வாங்கிக் கொடுத்து, 'பார்த்துப் போ' என்ற இரண்டு சொற்களோடு தம் கடமை தீர்ந்ததெனக் கருதிவிடுகிறார். சாவி கைக்கு வந்த பின்னர் அப்பிள்ளை அவ்வண்டியை எவ்வாறு பழகிக் கொள்கிறான் என்பதைக் கேட்பார் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனைக் குறித்தே இங்கு எழுத விரும்புகிறேன்.

குமாரபாளையத்தில் எங்களுக்குச் சில விசைத்தறிகள் உள்ளன. நூலுக்கும் லுங்கிக் கட்டுக்குமாகப் பவானி, ஈரோடு, திருச்செங்கோடு என்று என் இளமைக் காலமெல்லாம் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியிலேயே சுற்றினேன். 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான அவ்வண்டியின் எஞ்சின் 98 சி.சி.; ஆற்றல் 11 குதிரைத்திறன்; முன்னும் பின்னும் டிரம் பிரேக். என் மகன் தன் சம்பாத்தியத்தில் வாங்கியிருப்பதோ ஆர்15. 155 சி.சி., 18 குதிரைத்திறன், ஆறு கியர், இரு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு. வாங்கியது ஸஃபர் மாதத்தில். 'பீடை மாதத்தில் வாகனமா?' என்று உறவினர் இருவர் கேட்டனர். மாதத்தில் பீடை இல்லை, சாலையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மகனுக்கு வண்டி ஓட்டத் தெரியாதென்று யாரும் கூற இயலாது. மூன்றாண்டுகளாக ஸ்கூட்டர் ஓட்டி வருகிறான். அந்தத் தேர்ச்சியை நம்பித்தான் பல வீடுகளில் சாவியைக் கொடுத்துவிடுகின்றனர். ஆனால் அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதில் கண்ட ஒரு செய்தி என்னை உறங்கவிடவில்லை. விபத்துக்குள்ளானவர்களுக்குச் சாலையில் ஏறக்குறைய மூன்றாண்டுப் பழக்கம் இருந்தது. எனினும், விபத்து நேர்ந்த அந்தக் குறிப்பிட்ட வண்டியில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஐந்து மாதப் பழக்கம்கூட இருக்கவில்லை. அதாவது, பழைய வண்டியில் பெற்ற பழக்கம் புது வண்டிக்கு அப்படியே கைகொடுப்பதில்லை.

நம் முன்னோரில் ராவுத்தர் எனப் பெயர் பெற்றோர் குதிரை வீரர்கள். ஒரு குதிரையில் தேர்ந்தவன் மற்றொன்றில் ஏறும்போது அதனை முதலிலிருந்தே பழக்கியிருப்பான் என்றே எண்ணுகிறேன்.

ஆகவே, மகனிடம் ஒரு நிபந்தனை விதித்தேன். ஐந்து மாதங்கள் நிறையும்வரை சேலம், கோவை நெடுஞ்சாலையில் நெடும்பயணம் கூடாது. ஞாயிறுதோறும் சுபுஹுத் தொழுகைக்குப் பின் என்னோடு பயிற்சிக்கு வரவேண்டும். ஊருக்கு வெளியே, மனை பிரித்துத் தார் போட்டும் வீடுகள் எழும்பாத சாலையொன்று இருக்கிறது. அதுவே எங்கள் பள்ளிக்கூடம்.

முதற் பாடம் அமர்வது. இவ்வண்டியில் கைப்பிடிகள் தாழ்வாகவும் முன்தள்ளியும் இருப்பதால் உடல் முன்னே சாய்கிறது. புதியவர்கள் அந்தப் பாரம் முழுவதையும் மணிக்கட்டில் இறக்கிவிடுகின்றனர். அரை மணி நேரத்தில் கை மரத்துப்போகும். அதனினும் கேடு, இறுகிய கை வண்டியைத் திரும்பவும் விடாது. பள்ளத்தில் ஏறி இறங்கும் அதிர்ச்சி ஆக்சிலரேட்டரையும் தானாகத் திருகிவிடும். முழங்கால்களால் பெட்ரோல் டாங்க்கை அணைத்துப் பிடித்து, வயிற்றுத் தசையாலும் முதுகாலும் உடலைத் தாங்க வேண்டும். முழங்கைகள் தளர்ந்து மடங்கியிருக்க வேண்டும். இதற்கே எங்களுக்கு இரண்டு ஞாயிறுகள் சென்றன.

அடுத்தது பிரேக். இதில்தான் உயிர் இருக்கிறது என்பேன். ஸ்கூட்டரில் இடக்கைப் பிடி பின் பிரேக். மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். திடுக்கிட்ட வேளையில் மூன்றாண்டுப் பழக்கம் இடக்கையை இறுக்கும்; வண்டியோ நிற்காமல் எஞ்சினின் பிடியினின்றும் விடுபட்டு ஓடும். சாலையின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு ஒன்றைப் போட்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்கச் சொன்னேன். முதல் நாள் கோட்டைக் கடந்து 24 எட்டு தள்ளி நின்றான்.

முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. வண்டி நிற்க முற்படும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் இலேசாகி, சாலையைப் பற்றும் வலுவை இழக்கிறது. எனவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. ஹர்ட் குழுவினரும் இதனையே கண்டனர்: விபத்தில் சிக்கியோரில் பெரும்பாலோர் பின் பிரேக்கை மிகையாக அழுத்திச் சறுக்கியிருந்தனர், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தியிருக்கவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, உலர்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் முறையாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் ஏறக்குறைய 40 மீட்டர். அதற்கும் முன்பே, கண் கண்டு கை இயங்குவதற்குள் கழியும் ஒரு நொடியில் 17 மீட்டர் போய்விடுகிறது.

முன் பிரேக்கைப் படக்கென்று பறிக்கலாகாது. முதலில் மென்மையாகப் பிடித்து, வண்டியின் முன்பாகம் அமிழ்வதை உணர்ந்த பின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டா. அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமேயன்றி, மணலிலும் நீரிலும் இல்லாத பிடிப்பைப் படைத்துத் தராது. வண்டி சாய்ந்திருக்கும் வேளையில் அதன் உதவி இன்னும் குறைவு. நான்காம் வாரத்தில் மகன் 14 எட்டில் நின்றான். இன்றும் மாதம் ஒருமுறை அந்தக் கோட்டில் நிறுத்திப் பார்க்கிறோம்.

வளைவில் திரும்புவதற்கு ஒரு விந்தை இருக்கிறது. ஓடும் வண்டி வலப்புறம் சாய வேண்டுமாயின், வலக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். சைக்கிள் ஓட்டுவோர் யாவரும் அறியாமலேயே இதைச் செய்கின்றனர். விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் தொழில் செய்தவர்கள். அவர்களில் வில்பர் பலரிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டும், சரியாக விளக்கியவர் ஒருவருமில்லை என்று கூறியிருக்கிறார். அறியாமல் செய்வதை அறிந்து செய்தால், குறுக்கே நாய் பாயும் நொடியில் வண்டி சொன்னபடி கேட்கும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உள்ளே நுழைந்த பின் ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்துச் செல்ல வேண்டும். வளைவின் நடுவே அஞ்சி அதை மூடுவதும் பிரேக்கைப் பறிப்பதும் ஆபத்து. 1980-இல் மோட்டார் சைக்கிள் பள்ளியொன்றை அமெரிக்காவில் தொடங்கிய கீத் கோட் என்பவர், அச்சத்தில் உடல் தானாகச் செய்யும் இத்தகைய செயல்களையே தம் நூலில் பெரிதும் ஆராய்ந்திருக்கிறார். கண்ணும் அவற்றுள் ஒன்று. எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அதையே உற்று நோக்குகிறோம். வண்டியும் அங்கேயே போகிறது. போக வேண்டிய இடத்தைப் பார்க்கப் பழகுவது எல்லாவற்றினும் கடினமான பாடமாக இருந்தது.

புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டராவது ஓடித் தேயும்வரை ஆழ்ந்து சாய்க்கக் கூடாது. முதல் சேவை முடியும்வரை எஞ்சினை உச்சத்துக்கு முறுக்காதே என்று கையேடு சொல்வது எஞ்சினுக்காகத்தான் என்றாலும், ஓட்டுபவனுக்கும் அது பொருந்துகிறது.

எங்கள் ஊர்ச் சாலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருபவர், விளக்கின்றி ஓரத்தில் நிற்கும் லாரி, வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடை, கரும்பு ஏற்றிய டிராக்டர். எதிரே வருபவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று எண்ணாமல், பார்க்கவில்லை என்றே எண்ணி ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

தாய்மார்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்வகை வண்டிகளில் பின் இருக்கை சிறியது, உயரமானது. புர்கா, துப்பட்டா, சேலைத் தலைப்பு ஆகியவை செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் விளைவு கொடியது. இதற்காகவே மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டுமென்கிறது. வாலிபர்களோ அந்தச் சாரி கார்டைத்தான் முதலில் கழற்றி எறிகின்றனர், வண்டியின் அழகைக் கெடுக்கிறதாம்! என் மகனும் அவ்வாறே ஸ்பானரை எடுத்தான். என் மனைவி வந்து பார்த்து, "தம்பி, அதைக் கழற்றினா உன் தங்கச்சி இந்த வண்டியில ஏறமாட்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஸ்பானர் பெட்டிக்குத் திரும்பியது. தங்கை ஏறினால், துப்பட்டாவை இடுப்பில் செருகி, புர்காவின் ஓரத்தை மடித்து அமர்ந்த பின்னரே வண்டி நகரும். அவளுக்கும் ஒரு தலைக்கவசம் வாங்கியிருக்கிறோம். தமிழகத்தில் 2015 ஜூலை முதல் நாளிலிருந்து தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு பின்னால் அமர்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் இத்தகைய வண்டியைக் கொடுக்கும் தந்தையரிடம் நான் பயிற்சியைப் பற்றிப் பேசுவதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் அதற்குப் பெற்றோரையே பொறுப்பாக்கி, 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில், கார் பந்தய வீரர் கரிவரதனின் பெயரால் அமைந்த பந்தயத் தளம் இருக்கிறது. எதிரே லாரி வராத இடத்தில், ஆசான் ஒருவர் பார்த்திருக்க ஓட்டிப் பழக வேண்டுமென்பது மகனின் ஆசை. "அத்தா, ஒருநாள் வகுப்புக்காவது போய் வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ரஜபு மாதத்தில் ஐந்து மாதங்கள் நிறைகின்றன. அதுவரை அவன் கோவைக்குப் போவது பேருந்தில்தான்.